வலிக்காத பல்

புவனேஸ்வரியின் மோவாயில், கீழுதட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே, கடுகளவில் ஒரு குழி இருந்தது. அது மூடும், திறக்கும். மூடியிருக்கும்போது சிவப்பாக ஒரு புள்ளி மட்டும் தெரியும். பதினைந்து இருபது நாள் கழித்து அந்தப் புள்ளி மெல்ல உப்பி, ஒரு காலையில் தலையணை உறையில் மஞ்சளாய் ஒரு கறையை வைத்துவிட்டு வற்றிப்போகும். பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி சிவப்புப் புள்ளியாகும். இரண்டு வருஷமாக இதுதான். காய்ச்சல் இல்லை. அமுக்கினால்கூட வலி இல்லை. அவள் அம்மா அழகிக்கு அதுதான் பிடிபடவே இல்லை. வலிக்காத புண்ணை அவள் அதுவரை பார்த்ததில்லை.

கருவாடு ஆகவில்லையோ என்று ஒரு மாதம் கருவாட்டை நிறுத்திப் பார்த்தாள். திறந்தது. கத்திரிக்காயை நிறுத்தினாள், முட்டையை நிறுத்தினாள். திறந்தது. சூடு சேரவில்லையோ என்று மகளை ஒரு வாரம் அடுப்புப் பக்கமே விடவில்லை. அந்த வாரம்தான் வழக்கத்தைவிட அதிகமாக வடிந்தது. மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையை ஐந்து நாள் விழுங்கினால் மூடிக்கொள்ளும். நிறுத்திப் பத்து நாளானால் திறக்கும். மாத்திரைக்குக் கேட்கிற புண் என்றால் ஏன் ஒரேயடியாக ஆறவில்லை? கேட்காத புண் என்றால் ஏன் மூடுகிறது? அழகி இந்த இரண்டு கேள்வியையும் வைத்துக்கொண்டு வேலை நேரம் முழுக்க யோசிப்பாள். யோசித்து எங்கும் போய்ச் சேரமாட்டாள்.

ஊரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. கொட்டை எண்ணெய் தெறித்திருக்கும் என்றார்கள்.

ஊர் ஆதனக்கோட்டை. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற ரோட்டில், முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்து ரோட்டோரமே வைத்து விற்கிற ஊர். முந்திரிக்கொட்டையின் ஓடு வேர்க்கடலை ஓடு மாதிரி வெறும் ஓடு இல்லை. வெளியே ஒரு தோல், உள்ளே ஒரு தோல், இரண்டுக்கும் நடுவில் தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள். அந்த அறைகளில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் வெந்து உரிந்து கறுத்துவிடும். அதனால்தான் இந்த ஊரில் பச்சைக் கொட்டையை யாரும் உடைப்பதில்லை. இரும்புச் சட்டியில் கொட்டி, அடியில் தீயைப் போட்டு, நீளக் கம்பியால் கிளறுவார்கள். சூடேற ஏற எண்ணெய் கசிந்து அதுவே பற்றிக்கொள்ளும். சட்டிக்கு மேல் ஆளுயரத்துக்குத் தீ நிற்கும். புகை தார் போட்டமாதிரி இருக்கும். அந்தத் தீயை எப்போது அணைப்பது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. முன்னால் அணைத்தால் ஓட்டில் எண்ணெய் மிஞ்சி உடைக்கிறவள் கையைத் தின்னும். பின்னால் அணைத்தால் பருப்பு கருகிவிடும். சரியான நேரத்தில் சட்டியைத் தரையில் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து, சாம்பலில் புரட்டி எடுக்க வேண்டும். பிறகு கல்லின்மேல் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு. ஓடு பிளந்து பருப்பு முழுசாக வரும்.

இந்த வேலையில் இருக்கிற எல்லோர் கையிலும் எண்ணெய் தின்ற வடு இருக்கும். சிலருக்குக் கழுத்தில், சிலருக்குக் கன்னத்தில். ஆகவே புவனாவுக்கு மோவாயில் என்றதும் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. அழகியும் யோசிக்கவில்லை.

அந்த எண்ணெய்க்கு இன்னொரு பயனும் உண்டு. பித்தவெடிப்பில் வைப்பார்கள், மருவில் வைப்பார்கள். கெட்ட தோலைத் தின்றுவிட்டு நல்ல தோலை வரவழைக்கும் என்று ஒரு நம்பிக்கை. போன வருஷம் ஆடி மாதத்தில், களிம்பும் மாத்திரையும் சலித்துப்போன ஒரு பகலில், அழகி ஈர்க்குச்சி முனையில் எண்ணெயைத் தொட்டு மகளின் மோவாயில் வைத்தாள். குழி போகவில்லை. அதைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் வெந்து, உரிந்து, கறுத்து, அப்படியே நின்றுவிட்டது.

அதற்கப்புறம் தோல் டாக்டர் ஒருவரைப் பார்த்தார்கள். வேறொரு இடத்தில் குழியையே சுற்றி அறுத்தெடுத்துத் தையல் போட்டார்கள். ஆறாம் வாரம் தையல் போட்ட இடத்திலேயே திறந்தது. காசநோய்க் கட்டியாக இருக்குமோ என்று சோதித்தார்கள். அதுவும் இல்லை என்று வந்தது.

புவனாவுக்கு இருபத்தொரு வயது. மோவாயில் இது வருவதற்கு முன்பிருந்தே புதுக்கோட்டையில் ரிஃபாய் என்பவருடைய பேக்கரியில் வேலை பார்த்தாள். கேக்கின்மேல் பேர் எழுதுகிற வேலை. பார்ப்பதற்குச் சுலபம், செய்தால்தான் தெரியும். கூம்பு மாதிரிச் சுருட்டிய காகிதத்தில் க்ரீமை அடைத்து, நுனியைக் கத்தரித்து, ஒரே சீரான அழுத்தத்தில் பிழிய வேண்டும். அழுத்தம் கூடினால் எழுத்து பருத்துவிடும். குறைந்தால் அறுந்துவிடும். தமிழ் எழுத்தில் சுழி அதிகம் என்பதால் மற்ற பெண்கள் இங்கிலீஷிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். புவனா மட்டும் தமிழில் எழுதுவாள். ‘ஞானமணி’ என்று ஒரு குழந்தைக்கு எழுதியதை அந்த வீட்டுக்காரர்கள் வெட்டவே மனசில்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தார்களாம். அதை அவள் அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் ஒரு அம்மாள் கேக் பெட்டியை வாங்கிக்கொண்டே புவனாவின் மோவாயைப் பார்த்தாள். பெட்டியைக் கவுன்ட்டரில் திரும்ப வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். ரிஃபாய் நல்ல மனுஷர். அவர் சத்தம்கூடப் போடவில்லை. புண் ஆறட்டும்மா, ஆறினதும் வாங்க, ஒங்க எடம் ஒங்களுக்குத்தான் என்றார். அவர் சொன்னபடி ஏழெட்டு மாதம் வைத்தும் இருந்தார். பிறகு வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார் என்று தெரிந்தவர்கள் மூலம் தெரியவந்தது.

இப்போது புவனா அம்மாவுடன் கொட்டை வறுக்கிறாள். முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் துப்பட்டா. அந்தப் புகையில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ரோட்டோரக் கடையில் உட்கார மட்டும் அவள் வருவதே இல்லை. கார்கள் நிற்கும், ஆட்கள் இறங்கி வருவார்கள், முகத்தைப் பார்ப்பார்கள். அழகியின் பயம் இதுதான்: இந்தப் பெண் இப்படியே புகைக்குள்ளேயே இருந்துவிடுவாள். எழுதத் தெரிந்த கை, கடைசி வரைக்கும் கம்பியைப் பிடித்துக் கிளறிக்கொண்டே இருக்கும்.

பங்குனிக் கடைசியில் வெயில் ஏறியிருந்தது. புதுக்கொட்டை வரத்து ஆரம்பித்திருந்தது. கடையில் கார்க்காரர் ஒருவர் பருப்பு நமுத்திருக்கிறதே என்றார். இல்லைங்க என்று காட்டுவதற்காக அழகி ஒரு பருப்பை முன்பல்லில் வைத்துக் கடித்தாள். பருப்பு உடைந்தது. கூடவே கீழ் முன்பல் ஒன்று நாக்குப் பக்கம் சாய்ந்தது. விரலால் தள்ளினால் நிமிர்ந்தது. விட்டால் சாய்ந்தது. வாயில் உப்புக்கரிப்பாய் ரத்தம்.

பக்கத்துக் கடை ராக்காயி இதை அப்போதே பார்த்துவிட்டாள். இருவருக்கும் இருபது வருஷப் பழக்கம்.

“அழகி, நீ பேசுறது ஒரு பக்கம், ஒன் பல்லு ஆடுறது ஒரு பக்கம். எதைப் பாக்குறதுன்னு வர்ற ஆளுக்குத் தெரியலடி” என்றாள்.

“ஒனக்குத்தான் பல்லே இல்லையே, நீ என்னத்தப் பாக்குற.”

“இல்லாததால சொல்றேன். மிஞ்சியிருந்த நாலையும் கையாலேயே புடுங்குனேன். கடைசியா ஒன்னு புடுங்கையில ஒரு வாரம் காது அடைச்சுப்போச்சு. போயி முறையாப் புடுங்கிட்டு வா. புதுக்கோட்டையில அரசாங்கத்துல பல்லுக்குன்னே தனி ஆஸ்பத்திரி இருக்காம்ல. சும்மாவே பாக்குறாங்களாம்.”

அழகிக்குப் பல் டாக்டர் என்றால் இரண்டே எண்ணம்தான். ஒன்று, அது வசதி உள்ளவர்கள் போகிற இடம். இரண்டு, அங்கே போனால் பல்லைப் பிடுங்குவார்கள். உடம்புக்கு ஒரு ஆஸ்பத்திரி இருக்கிற மாதிரி வாய்க்கும் ஒன்று இருக்கும், அங்கேயும் வரிசையில் நின்று சீட்டு வாங்கினால் போதும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. துணைக்குப் புவனாவைக் கூட்டிக்கொண்டு போனாள். காலையில் கம்மங்கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு ஏழு மணி பஸ்ஸில் ஏறினார்கள். மெல்லுகிற சாப்பாட்டை அழகி விட்டுப் பல நாளாகியிருந்தது.

அழகியைப் பார்த்தவர் நிலோஃபர் என்கிற டாக்டர். கோட்டைப்பட்டினத்துக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். அழகியிடம் கண்ணாடியைக் கொடுத்து, பாருங்கம்மா என்றார். பல்லின் அடியில் ஈறு ஓரமாக மஞ்சளும் கறுப்புமாகக் கல் மாதிரி ஒன்று கட்டியிருந்தது. பல் தானாக ஆடவில்லை, அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற எலும்புதான் கரைந்து இறங்கிவிட்டது என்று விளக்கினார். இந்தக் காறை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஈறைப் புண்ணாக்கும். ஈறு ஒதுங்கும், அதோடு எலும்பும் ஒதுங்கும். வலிக்காது, துப்பினால் கொஞ்சம் ரத்தம் வரும், அவ்வளவுதான். ஆடுகிற இந்த ஒன்றை எடுத்துத்தான் ஆக வேண்டும். மற்றதை எல்லாம் சுத்தம் செய்தால் நிற்கும் என்றார்.

பல்லைச் சுரண்டினால் இருக்கிறதும் ஆடும் என்று சொல்கிறார்களே என்று அழகி கேட்டாள். எதனால் பல் விளக்குகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். அடுப்புச் சாம்பல்தான் என்றாள் அழகி. டாக்டர் சிரிக்கவில்லை. சாம்பல் பல்லைத் தேய்க்கும், ஈறையும் சேர்த்துத் தேய்க்கும் என்று மட்டும் சொன்னார். காறை கெட்டியாகி ஒட்டியிருக்கிறபோது பல் உறுதியாய் இருக்கிற மாதிரித் தோன்றும். அதை எடுத்ததும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது தெரிய வரும். அதைத்தான் சுரண்டினதால் ஆடுது என்கிறார்கள் என்றார். இப்படி அவர் சொல்லிக்கொண்டே இருக்கையில், ஓரமாக நின்ற புவனா பக்கம் கண் போனது.

“ஒங்க மாஸ்க்ல அது என்ன கறை?”

புவனா கையால் மறைத்தாள். அழகி முந்திக்கொண்டாள். “அது பல்லு சம்பந்தம் இல்லீங்க டாக்டர். கொட்டை எண்ணெய் தெறிச்ச புண்ணு. தோல் டாக்டர்ட்ட காட்டிக்கிட்டு இருக்கோம்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருசமாச்சுங்க.”

“எண்ணெய் தெறிச்ச புண்ணு ரெண்டு வருசமா இருக்குமாம்மா? ஒங்க கையில இவ்வளவு வடு இருக்கே, எதாவது ஒன்னு ரெண்டு வருசம் வடிஞ்சுச்சா?”

அழகி தன் கைகளைப் பார்த்தாள். எதுவும் பத்து நாளைத் தாண்டியதில்லை. இதை அவள் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

டாக்டர் புவனாவை நாற்காலியில் உட்காரவைத்தார். மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். ஒரு விரலைக் கீழுதட்டுக்கு உள்ளேயும் ஒரு விரலை மோவாயிலும் வைத்து நடுவில் தடவிப் பார்த்தார். உள்ளே ஒரு கயிறு மாதிரித் தட்டுப்படுகிறது, எலும்பில் ஆரம்பித்து இந்தக் குழியில் முடிகிறது என்றார். பிறகு விளக்கைத் திருப்பிக் கீழ் முன்பற்களைப் பார்த்தார். நான்கில் ஒன்று மட்டும், உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு, சற்று சாம்பல் நிறமாக இருந்தது. சொத்தை இல்லை. உடையவில்லை. இந்தப் பல் எப்போதாவது வலித்ததா என்று கேட்டதற்கு, ஒருநாளும் இல்லை என்றாள் புவனா.

பஞ்சில் குளிரான ஒரு மருந்தைத் தெளித்துப் பற்களில் ஒவ்வொன்றாக வைத்தார். பக்கத்துப் பல்லில் வைத்தபோது புவனா கூச்சத்தில் தோளை ஏற்றினாள். அடுத்ததிலும் அப்படித்தான். சாம்பல் நிறப் பல்லில் வைத்தபோது மட்டும் சும்மா இருந்தாள். இன்னொரு முறை வைத்தார். சும்மா இருந்தாள்.

அடுத்து அவர் செய்ததை அழகியால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஊசியைவிட மெல்லிசான, மெழுகு போல வளைகிற குச்சி ஒன்றை எடுத்து, மோவாய்க் குழியில் மெல்ல விட்டார். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒரு விரற்கடைக்கு மேல் போய் நின்றது. வலிக்குதா என்றார். இல்லை என்று புவனா கண்ணால் காட்டினாள். குச்சியை அப்படியே வைத்து எக்ஸ்ரே எடுத்தார். படம் கம்ப்யூட்டரில் வந்தது. கறுப்பில் நான்கு பற்களும் வெள்ளையாய்த் தெரிந்தன. கீழேயிருந்து வெள்ளைக்கோடாய் அந்தக் குச்சி நேராக ஏறிப்போய், ஒரே ஒரு பல்லின் வேர் நுனியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்த நுனியைச் சுற்றி மிளகு அளவில் ஒரு கறுப்பு வட்டம்.

“இந்தக் கறுப்புல எலும்பு இல்லம்மா. சீழ்தான் இருக்கு. பல்லுக்குள்ள நடுவுல ஒரு குழாய் ஓடுது. அதுலதான் ரத்தமும் நரம்பும் இருக்கும். எல்லாம் வேர் நுனியில இருக்குற ஓட்டை வழியாத்தான் உள்ள போகுது, முடி மாதிரி மெல்லிசு. பல்லுல பலமா ஒரு அடி பட்டுச்சுன்னா அது அறுந்துபோயிரும். வெளிய பல்லு அப்படியே நிக்கும். உள்ள செத்துப்போயிரும். செத்தது வலிக்காதுல்ல? அதுல கிருமி சேந்து, நுனி வழியாச் சீழ் கசிஞ்சு, வருசக்கணக்கா எலும்பைக் கரைச்சு, வழி பண்ணிக்கிட்டு இங்கிட்டு வெளிய வருது. வெளிய வர வழி இருக்குறதால வீங்கல, அதனாலயும் வலிக்கல. மாத்திரை தின்னா சீழ் கொறையும், குழி மூடும். நிப்பாட்டினா பல்லுக்குள்ளேருந்து திரும்பவும் வரும். தோலை அறுத்தாலும் அப்படித்தான். ஊத்து பல்லுல இருக்கு.”

அழகி எக்ஸ்ரேயைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டு வருஷமாக யோசித்து யோசித்து அவள் போய்ச் சேராத இடம் அங்கே ஒரு கோடாக இருந்தது.

“இந்தப் பல்லுல எப்பவாச்சும் அடி பட்டுச்சா?” என்று டாக்டர் கேட்டார்.

புவனா உடனே சொன்னாள். “ஒம்பது வயசுல, கொட்டை ஒடைக்கிற கல்லுல விழுந்துட்டேங்க. பச்சைக் கொட்டையை வாயில போட்டுக்கிட்டு ஓடுனேனாம். அம்மாதான் சொல்லும். எனக்கு விழுந்தது கொஞ்சம்தான் ஞாபகம் இருக்கு. ரத்தம் வந்தது ஞாபகம் இருக்கு.”

டாக்டர் எழுதிக்கொண்டார். எப்படி விழுந்தீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. அடி பட்டதா என்பதுதான் வேண்டும், எப்படிப் பட்டது என்பது வைத்தியத்துக்கு வேண்டாம் என்றார். அழகி ஒன்றும் பேசவில்லை. ஆடுகிற பல்லை எடுக்க ஊசி போட்டபோதும், எடுத்தபோதும் பேசவில்லை. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

புவனாவின் பல்லை அன்றைக்கே திறந்தார்கள். பின்பக்கமாக, நாக்குப் படுகிற பக்கத்தில், சின்னத் துளை. செத்த பல் என்பதால் மரத்துப்போகிற ஊசிகூடத் தேவைப்படவில்லை. துளை விழுந்ததும் வாடை வந்தது. பன்னிரண்டு வருஷமாக மூடிக்கிடந்த வாடை. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்த அழகி முகத்தைத் திருப்பவில்லை.

மறுநாள் முற்பகலில், சட்டி கவிழ்த்த கொட்டை ஆறிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. புகை கொட்டகைக்குள்ளேயே நின்றது. அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அழகி நூறு கொட்டை உடைத்திருப்பாள். எல்லாப் பருப்பும் நொறுங்கியே வந்தது. கட்டையைக் கீழே வைத்தாள்.

“நீ கல்லுல விழுகல புவனா.”

புவனா நிமிர்ந்தாள்.

“நான்தான் அடிச்சேன். இந்தக் கட்டையாலதான். இதே மாதிரி எதுக்க ஒக்காந்திருந்த.”

“நான் என்ன செஞ்சேன்?” என்றாள் புவனா. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அழகி சொன்னாள். அன்று காலையில்தான் மலேசியாவிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் வந்து, சோலையப்பன் அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், குழந்தையும் இருக்கிறது, இனி வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சோலையப்பன் அழகியின் புருஷன், புவனாவின் அப்பா, மலேசியாவுக்கு வேலைக்குப் போனவன். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அடுப்பில் சட்டி எரிந்துகொண்டிருந்தது. அணைக்கிற நேரம் தவறி அன்றைய கொட்டை பாதி கருகிவிட்டது. கருகியதைத் தள்ளிவிட்டு மிச்சத்தை உடைக்க உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை எதிரே உட்கார்ந்தது. அதற்கு ஒன்றும் தெரியாது.

“நீ ஒன்னும் செய்யலத்தா. அப்பா தீவாளிக்கு வருவாங்களான்னு கேட்ட. நான் பேசல. திரும்பக் கேட்ட. பேசல. மூணாவது தடவை கேட்ட. கையில கட்டை இருந்துச்சு.”

ரத்தத்தைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். ராக்காயி என்னாச்சு என்று ஓடிவந்தபோது வாயில் வந்ததைச் சொன்னாள். பச்சைக் கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு ஓடிக் கல்லில் விழுந்துவிட்டாள் என்று. கேட்கிற எவருக்கும் அதில் சந்தேகம் வராது. ஓட்டை உடைக்காமல் அதக்கினால் எண்ணெய் படாது என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் செய்கிற காரியம்தான். நாலு பேர் கேட்டார்கள், நாலு பேருக்கும் சொன்னாள். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் பிள்ளையே அப்படிச் சொல்ல ஆரம்பித்தது.

புவனா மாஸ்க்கைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்துக் கறுத்த வட்டமும் நடுவில் அந்தக் குழியும் பகல் வெளிச்சத்தில் தெரிந்தன.

“அதுக்கப்புறம் நான் அப்பாவப் பத்திக் கேக்கவே இல்லல்லம்மா” என்றாள்.

“கேக்கல.”

“ஏன் கேக்கலன்னு எனக்கே தெரியாது. எல்லாப் பிள்ளைகளும் கேக்கும், நமக்கு மட்டும் ஏன் கேக்கத் தோணலன்னு நெனச்சிருக்கேன். எனக்கு அவரு மேல பாசம் இல்ல போலன்னு இருந்தேன்.”

புவனா எழுந்து சட்டிப் பக்கம் போனாள். அடுத்த ஈட்டுக் கொட்டையைக் கொட்டித் தீயைப் போட்டாள். தீ உயர்ந்து எரிந்த நேரம் முழுவதும் முகத்தைத் திருப்பாமல் கிளறினாள். சரியான நேரத்தில் கவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள், வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர அவள் அம்மாவிடம் பேசவில்லை. தண்ணி எடு, சாக்கைப் பிடி, கார் நிக்குது. அவ்வளவுதான். அழகி வைக்கிற குழம்பை ஊற்றிச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய்வந்தாள். ராக்காயி என்னடி ரெண்டு பேரும் மௌனவிரதமா என்று கேட்டதற்கு, பல்லுப் பிடுங்கின வாய், பேசக் கூடாது என்று அழகி சொன்னாள். பத்து நாளுக்கா என்றாள் ராக்காயி. அழகி தலையைக் குனிந்துகொண்டு பருப்பைத் தோலுரித்தாள். ராக்காயி அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று மாலை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே அவள் பங்குக் கொட்டையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பதின்மூன்றாம் நாள் புவனா சாப்பிட்டு எழும்போது சொன்னாள். “நாளைக்கு மூணாவது சிட்டிங். ஒனக்கும் வரச் சொல்லியிருக்காங்க, காறை எடுக்கணும்னு. சாம்பலு போட்டு வெளக்கிட்டு வராதே. பேஸ்ட் வாங்கி வச்சிருக்கேன்.”

பஸ்ஸில் இருவர் சீட்டில் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். புவனா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தபோது பேக்கரி தெரிந்தது. உள்ளே வேறொரு பெண் நின்றிருந்தாள்.

முதலில் அழகியை உட்காரவைத்தார்கள். காறை முழுவதையும் எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. பற்களுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தது, காற்று புகுந்தது, கூசியது. இரண்டு வாரத்தில் ஈறு இறுகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார் டாக்டர். போன ஈறு திரும்பி வருமா என்று கேட்டாள் அழகி. வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

பிறகு புவனா. முதல் தடவை பல்லின் பின்பக்கத் துளை வழியாக வேர்க்குழாயில் மெல்லிய கம்பிகளை விட்டு, செத்துக்கிடந்ததைச் சுரண்டி, கழுவி, சுண்ணாம்பு போன்ற ஒரு மருந்தை உள்ளே வைத்து மூடியிருந்தார்கள். இரண்டாவது தடவை அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்கள். மூன்றாவது தடவை குழாய் காய்ந்திருந்தது. அதை நுனிவரை ரப்பர் போன்ற பொருளால் நிரப்பி, பின்பக்கத் துளையைப் பல் நிறச் சிமென்ட்டால் அடைத்தார்கள். பல்லைப் பிடுங்கவில்லை. செத்த பல்தான், ஆனால் அடைப்பு நன்றாக இருந்தால் மற்றப் பற்களைப் போலவே நிற்கும் என்றார் டாக்டர். மோவாயில் இருந்த குழிக்குக் களிம்பு கொடுக்கவில்லை, தையல் போடவில்லை, எதுவும் வைக்க வேண்டாம் என்றார். அது முதல் தடவை மருந்து வைத்த ஒன்பதாம் நாளே வற்றியிருந்தது. இருபதாம் நாள் மூடியது. அதற்குப் பின் திறக்கவில்லை. அது இருந்த இடத்தில் தோல் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது, சுற்றிலும் எண்ணெய் வைத்த கறுப்பு இருக்கிறது, அந்த இரண்டும் போகாது.